கட்டில் காலுக்குக் கல்

கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை விநாயகமூர்த்தி சட்டென்று குடித்துவிடவில்லை. உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்தார். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வீட்டுக்காரர் மைதீன் வாளியும் கையுமாகப் பக்கத்தில் நின்று, இந்த மனிதர் வீடு வாங்க வந்தவரா, தண்ணீருக்கு நாடி பிடிக்க வந்த வைத்தியரா என்று விழித்துக்கொண்டிருந்தார்.

"உப்பில்லை. தண்ணி நல்லது" என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகம் வந்தது. பென்சில் முனையை நாக்கில் தொட்டு அதையும் எழுதிக்கொண்டார். "மழை பெய்தால் முத்தத்திலை தண்ணி நிக்குமோ?"

"மழத்தண்ணி ஒரு சொட்டு நிக்காது ஐயா. எல்லாம் ஆத்துக்குப் போயிரும்."

அது சத்தியமான பதில். அதையும் எழுதினார். பிறகு வீட்டுக்குள் போய்க் கூரையைப் பார்த்தார், ஜன்னல் கொக்கியை ஆட்டினார், சுவரைத் தட்டினார். அறையில் கிடந்த பெரிய கட்டிலின் நாலு கால்களுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் அடுக்கியிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "கட்டில் காலுக்குக் கல்" என்று அதையும் எழுதிக்கொண்டார். மைதீன் தலையை ஆட்டினார். மனிதர் ஒன்றையும் விடவில்லை, நம் பாடு சுலபம் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

கிள்ளான் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஓரத்தில் இருந்தது அந்தப் பலகை வீடு. மைதீன் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. கடையில் துணி இல்லை, ஊரில் உடுத்தவும் துணி இல்லை. ஜெஞ்சாரோம் பக்கம் சிநேகிதர் ஒருவரின் நிலத்தில் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டை விற்றால் தேவலை. ஆனால் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு வேண்டாம், பவுனாகத் தாருங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்.

விநாயகமூர்த்திக்கு இது ஒன்பதாவது வீடு. கோலாலம்பூர் ரயில்வே ஆபீசில் இருபது வருடக் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருப்பவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் ரயில் யார்டு, யார்டு நிறைய வண்டிகள். சியாமிலும் பர்மாவிலும் இப்படிப்பட்ட யார்டுகளைத் தேடித் தேடி வெள்ளைக்காரன் ஆகாசத்திலிருந்து குண்டு போடுகிறான் என்று வடக்கேயிருந்து வண்டியோடு வரும் ரயில் கார்டுகள் காதோடு காதாகச் சொன்னார்கள். இங்கே எப்போது என்பதுதான் தெரியாது. அதற்குள் மனைவியையும் மகளையும் இந்தத் தண்டவாளத்தை விட்டு நகர்த்திவிட வேண்டும். ராத்திரியும் பகலும் அவருக்கு இந்த ஒரே நினைப்புத்தான்.

நினைப்பு அவசரம், ஆனால் கால் நகரவில்லை. செந்தூலில் பார்த்த வீடு ரயில் பட்டறைக்குப் பக்கம், தள்ளிவிட்டார். புடுவில் பார்த்ததற்குப் பின்னால் பன்றிக் கொட்டடி. காஜாங் சாலை வீட்டுக்கு ரப்பர் புகைவீட்டு நாற்றம். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, அந்த நாளில் பவுனுக்குச் சமமான தீக்குச்சி ஒன்றைக் கிழித்துப் பார்த்தார் மகராசன். இன்னொரு வீடு எல்லா விதத்திலும் சரி, ஆனால் அடுத்த வீட்டுக்காரன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ஊரே கோணியைக் கட்டிக்கொண்டு திரியும்போது இவனுக்கு மட்டும் எங்கிருந்து இஸ்திரி? இவன் ஜப்பான்காரனுக்குக் காது என்று முடிவு கட்டித் திரும்பிவிட்டார். ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். எங்கே போனாலும் அந்தத் தெருப் பிள்ளைகளின் வயிற்றைப் பார்ப்பது அவருக்கு வழக்கம். மலேரியாக் காய்ச்சல் உள்ள இடத்தில் பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கி இடது பக்கம் வயிறு புடைத்திருக்கும் என்று ரயில்வே ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஏழாவது வீடு அதில்தான் போயிற்று.

"ஆழம் தெரியாமல் காலை விடப்படாது" என்பார் யார் கேட்டாலும்.

கிள்ளான் வீட்டின் கதையைக் கனகேஸ்வரி அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள். தண்ணீர், காற்று, கூரை, அக்கம்பக்கம் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டவள், செங்கல்லைச் சொன்னதும் திரும்பினாள்.

"கட்டில் காலுக்குக் கல்லோ? என்னத்துக்காம்?"

"எறும்புக்கு. வேறை என்னத்துக்கு? வீட்டுக்காரி கெட்டிக்காரி."

"எறும்புக்கு ஒரு சிரட்டையிலை தண்ணி வைச்சாக் காணாதோ?" என்றாள் அவள். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அவளும் விட்டுவிட்டாள். "எத்தனை வீட்டுக்குப் பிழை சொல்லியாச்சு. உங்களுக்கு இதிலையும் பிழை ஒண்டு அம்பிடும், இருந்து பாருங்கோ."

அம்பிடவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. இரண்டாம் தடவையும் போய் வந்தார்; பஞ்சமி ஒரு முறை, ஏகாதசி ஒரு முறை. இரண்டு தடவையும் தண்ணீர் தித்திப்பு, முற்றம் காய்ந்த மண். மைதீனின் மகள்கள் பரீதாவும் ஜெய்னம்பும் முயல்குட்டிகள்போல ஓடித் திரிந்தார்கள், வயிறு ஒட்டியிருந்தது.

அவர் பிழை தேடியது ஏன் என்று கனகேஸ்வரிக்குத் தெரியும். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. முப்பத்தெட்டாம் வருடம் இரண்டு குவாட்டர்ஸ் காலியாக இருந்தன. ஒன்று மேட்டில், ஆபீசுக்குத் தூரம். மற்றது இப்போது குடியிருக்கும் இது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிடலாம் என்று அவர் இதைத்தான் எடுத்தார். பின்னால் சாக்கடை இருக்கிறதே என்று அவள் சொன்னபோது சிரித்தார். வெள்ளைக்காரன் இருந்தவரை வாரந்தவறாமல் ஆள் வந்து கொசு அண்டாமல் சாக்கடைக்கு எண்ணெய் அடித்துவிட்டுப் போனான். ஜப்பான்காரன் வந்த பிறகு எண்ணெயும் இல்லை, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையும் இல்லை. போன வருடம் ஜெயராஜ் பதினேழு நாள் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தான். ஒன்பது வயது. அவன் படுத்த சின்னக் கட்டிலைக் கனகேஸ்வரி நிமிர்த்திச் சுவரோரம் சாத்திவைத்தாள். அன்றிலிருந்து அதை யாரும் படுக்கப் போட்டதில்லை. ஏழு வயது ரமணி பெரிய கட்டிலில் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில்தான் படுத்தாள். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துத்தான் பிள்ளையைப் பறிகொடுத்தோம் என்று நினைக்கிற மனிதன் இன்னொரு வீட்டைத் தேர்ந்தெடுக்க நடுங்காமல் என்ன செய்வான்?

ஆனாலும் இந்தத் தடவை முடிவு செய்தார். மார்கழி பிறந்தால் வீடு மாற முடியாது. தீபாவளி கழித்து, வளர்பிறைத் துவிதியையில் போய் முன்பணம் கொடுப்பது என்று நாள் குறித்தார். கனகேஸ்வரி தன் இரண்டு காப்புகளைக் கழற்றித் துணியில் முடிந்து கொடுத்தாள். கை மொட்டையாக இருந்தது. அதை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாள் குறித்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருடா வருடம் கப்பலில் வரும் பஞ்சாங்கம் சண்டை தொடங்கியதும் நின்றுவிட்டது. கடைசியாக வந்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, கூட்டிக் கழித்து, அடுத்தடுத்த வருடங்களுக்குத் திதி போட்டது யார்? நம் விநாயகமூர்த்திதான். தெருவே அவர் கணக்கில்தான் விரதம் இருந்தது. போதாததற்கு ஜப்பான்காரன் கடிகாரத்தை வேறு தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்திருந்தான். ராகு காலம் சூரியனுக்கு வருமா தோக்கியோவுக்கு வருமா என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இவர்தான் பதில். அந்த வருடம் பிரிக்பீல்ட்ஸுக்குத் தீபாவளி இரண்டு நாள் வந்தது. இவர் தெருவில் ஒரு நாள், அடுத்த தெருவில் மறுநாள். அடுத்த தெருவில் கணக்குப் போட்டவர் முத்துக்குமாரு, தந்தி ஆபீஸ்காரர். "தந்தி அடிக்கிறவனுக்குத் திதி தெரியுமோ?" என்று இவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மரவள்ளி மாவில் செய்த பலகாரத்தை வெற்றிக் களிப்போடு தின்றார்.

அட்டமி, நவமி, பாட்டிமை என்றால் அவர் வாசற்படி தாண்ட மாட்டார். பாட்டிமை என்பது பிரதமை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள். அந்தத் திதியில் ஒரு நல்ல காரியம் தொடங்கினால் உருப்படாது என்பது அவர் வீட்டு வழக்கம். துவிதியை என்றால் குற்றமில்லை. அதற்குத்தான் அவ்வளவு பார்த்து அந்த நாளைக் குறித்தார்.

அன்றைக்கு ரயில் படுத்துவிட்டது. நிலக்கரி இல்லாமல் விறகில் ஓடுகிற இஞ்சின். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியது. காலையில் கிளம்பியவர் கிள்ளானில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இடுப்பு முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கம்பத்துக்குள் நடந்தார். முன்பு வந்தபோது பாதையோரத்து வாய்க்கால் வறண்டு கிடந்தது. இப்போது அது நிறைந்திருந்தது. மழை இல்லை. ஆகாசத்தில் பஞ்சுத் துணுக்குகூட இல்லை. ஆனால் தண்ணீர் வாய்க்காலில் ஆற்றுப் பக்கமிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தார். ஒரு தென்னை மட்டை மிதந்து எதிரே வந்தது.

மைதீன் வீட்டு முற்றத்தைக் காணோம். முற்றம் இருந்த இடத்தில் தண்ணீர். வாசல், உள்ளறை, அடுப்படி எல்லாம் ஒரே மட்டமாகத் தண்ணீர், பாதம் முழுகும் அளவுக்கு.

உள்ளே ஒரு கூச்சலும் இல்லை. மைதீனின் மனைவி நூருன்னிசா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசை மேல் ஏற்றிவைத்த மண் அடுப்பில் மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தாள். செங்கல் மேல் நின்ற கட்டிலில் இரண்டு பெண்களும் சம்மணம் கொட்டி உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார்கள்.

"வாங்கண்ணே" என்றாள் நூருன்னிசா, தினமும் நடக்கிற காரியம்போல. "செருப்பக் கையில எடுத்துக்குங்க, மெதந்து போயிரும். இவங்க பாசாருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க. கட்டில்ல ஏறி ஒக்காருங்க."

விநாயகமூர்த்தி செருப்பைக் கையில் எடுத்தார். மூன்று மாதம், ஒன்பது வீடு, இரண்டு நோட்டுப் புத்தகம். ஏமாந்துபோனேனே என்ற ஆத்திரம் ஒரு பக்கம், இன்னொரு தடவை பிள்ளையைக் கொண்டுவந்து தண்ணீரில் போட இருந்தேனே என்ற பயம் ஒரு பக்கம்.

"இண்டைக்குத் துவிதியையெல்லோ?" என்றார் சம்பந்தமில்லாமல்.

"என்னண்ணே?"

"அமாவாசை முடிஞ்சு ரெண்டு நாள்."

"நேத்துத்தானே அமாவாசை. பொற இன்னும் காங்கலயே. நாங்க அத வச்சுத்தானே மாசம் எண்ணுறோம்." அடுப்பை ஊதினாள். "அமாவாச பௌர்ணமி முடிஞ்ச மக்யா நாளுதான் கடலுத் தண்ணி ரொம்ப ஏறும். ரெண்டு மூணு நாளைக்கு வரும். அப்புறம் பௌர்ணமிக்குத்தான்."

அவர் கணக்கு ஒரு நாள் பிசகியிருந்தது. இன்றைக்குப் பிரதமை. வாழ்நாளில் வாசற்படி தாண்டாத திதியில் வீடு வாங்க வந்து நிற்கிறார். பிசகாமல் இருந்திருந்தால் இன்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். முத்துக்குமாருவின் தீபாவளிதான் சரியான தீபாவளி என்பதும் அந்தத் தண்ணீரில் நின்றபோது அவருக்கு உறைத்தது. இருந்த துக்கத்தில் இது ஒரு துக்கமா, ஆனாலும் உறைத்தது.

மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இவர் பாய்ந்தார்.

"ஏன் ஐயா, எனக்கு ஏன் சொல்லேல்லை? தண்ணி நிக்காது எண்டு சொன்னனீர்!"

"மழத்தண்ணியக் கேட்டீங்க, நிக்காதுன்னேன். இது கடல் ஐயா." மைதீனுக்கு உண்மையிலேயே திகைப்பு. "அல்லா மேல ஆணையா, உங்களுக்குத் தெரியும்னுலா நெனச்சேன். கட்டிலுக்கு அடியில கல்லக் குனிஞ்சு பாத்து எழுதிக்கிட்டீங்களே. அதப் பாத்துட்டும் வாங்குறேன்னு சொன்னீங்க. படிச்ச மனுசன், வெவரமான ஆளுன்னு இவகிட்டகூடச் சொன்னேன்."

எறும்பு என்று சொல்லவா? விநாயகமூர்த்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். பரீதா அவருக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

"வெள்ளக்காரன் காலத்துல ஆத்துக் கரையில கதவு இருந்துச்சு" என்றார் மைதீன் மெதுவாக. "தண்ணி ஏறுறப்ப சாத்திருவான். இப்பக் கதவு உளுத்துப் போச்சு, பாக்க ஆளில்ல. ரெண்டு மணி நேரம் நிக்கும், வத்திரும். கெணத்துல ரெண்டு நாளைக்கு உப்பு அடிக்கும், அதுக்கு மழத்தண்ணி புடிச்சு தாழில வச்சிருக்கோம். வேணாம்னா வேணாம் ஐயா. மனசுல ஒண்ணும் இல்ல."

கடைசி ரயிலும் போய்விட்டது. அவர் அங்கேயே தங்கினார். காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, கொடுத்த மரவள்ளியைத் தின்றபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கட்டிலின் கீழ்ச் செங்கல் மறைந்தது. மேல் செங்கல்லில் பாதி வரை ஏறியது. அங்கே கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு வந்த வழியே இறங்க ஆரம்பித்தது. நூருன்னிசா ஈர்க்குமாற்றால் சேற்றைத் தள்ளித் தள்ளி அதனுடனேயே வெளியே அனுப்பினாள். ஜெய்னம்பு தரையில் குதித்து, மூலையில் துள்ளிய இரண்டு சின்ன மீனைப் பிடித்துச் சிரட்டையில் போட்டாள். அவள் குனிந்து நிமிரும்போது அவர் பழக்கத்தில் வயிற்றைப் பார்த்தார். ஒட்டிய வயிறு. ஜெயராஜின் வயிறு கடைசி நாட்களில் கல்லாக இருந்தது. கை வைத்துப் பார்த்த டிரஸ்ஸர் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

அவன் போனது வந்து போகிற தண்ணீரால் அல்ல. நின்ற தண்ணீரால். வீட்டுக்குப் பின்னால் அசையாமல், சத்தம் போடாமல், யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் வருடக்கணக்கில் கிடந்த தண்ணீர்.

விடியும் நேரத்தில் இன்னொரு தடவை கடல் வந்து போனது. அவர் விழித்திருந்து பார்த்தார்.

பிரிக்பீல்ட்ஸில் அவர் வந்து சேர்ந்தபோது மத்தியானம். கனகேஸ்வரி வாசலில் நின்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அவர் இடுப்பிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பிரிக்கவில்லை. உள்ளே காப்பு இருப்பது கனத்திலேயே தெரிந்தது.

"அப்ப இதுக்கும் பிழை சொல்லியாச்சு" என்றாள்.

"இல்லை. இந்த முறை நான் மட்டும் முடிவு சொல்ல மாட்டன், கனகு. போன முறை நீர் சொன்னனீர், நான் கேக்கேல்லை." வாசற்படியில் உட்கார்ந்தார். "இப்ப நான் சொல்லுறன், நீர் கேட்டுச் சொல்லும்."

எல்லாவற்றையும் சொன்னார். கடலை, உளுத்த கதவை, உப்புக் கிணற்றை, மேசை மேல் அடுப்பை. தன் கணக்கு பிசகியதைச் சொன்னார். எறும்பைப் பற்றியும் சொன்னார். அப்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. வெகு நாளைக்குப் பிறகு.

"எவ்வளவு உயரம் வரும்?"

"ஒண்டரைக் கல்லு."

"தேங்குமோ?"

"இல்லை. வரும், போயிடும்."

"பிள்ளையள்?"

"பிள்ளையள் நல்லா இருக்கினம். ரெண்டும் நல்லா ஓடித் திரியுதுகள்."

யார்டில் ஒரு வண்டி இன்னொன்றில் மோதிக் கோக்கப்பட்ட சத்தம் வீட்டை உலுக்கியது. கனகேஸ்வரி சாக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். முடிச்சைத் திரும்ப அவர் கையில் வைத்து அவர் விரல்களை மடக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். எப்போதோ சூளை இருந்த இடம் அது. வேலியோரம் பழைய செங்கற்கள் பாசி பிடித்துக் குவிந்து கிடந்தன. ஒரு சாக்கை விரித்து, நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். ரமணி பக்கத்தில் குந்தி எண்ணினாள்.

"ஏழு... எட்டு. அம்மா, எட்டு வந்திட்டுது. ஒரு காலுக்கு ரெண்டு, நாலு காலுக்கு எட்டு. காணும்."

விநாயகமூர்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எட்டுத்தான் கணக்கு.

கனகேஸ்வரி நிமிரவில்லை. "இன்னும் எட்டு வேணும், பிள்ளை" என்றாள். "சின்னக் கட்டிலுக்கும் நாலு கால் இருக்கு." ஒன்பதாவது கல்லை எடுத்து, அதிலிருந்த பாசியை முந்தானையால் துடைத்தாள். விளிம்பு தெரியும் வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.